வாங்கலாமா இந்த மோட்டார் சைக்கிள்?

வாசகர்களே, தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் உண்டு. கிள்ளானுக்கு அப்பால் செம்பனைக் காட்டுக்குள் இருக்கும் எங்கள் தோட்டப்பள்ளிக்குப் பதினெட்டு ஆண்டுகளாகக் கப்சாயில்தான் போய் வருகிறேன். செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டு சேற்றில் அதைத் தள்ளிய நாட்களும் உண்டு. ஆனால் இன்று நான் எழுத வந்தது என் கப்சாயைப் பற்றியல்ல.

சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவன் வீடு தேடி வந்தான். ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் தடுக்கி விழுந்தவன். இப்போது இருபத்தாறு வயது வாலிபன். போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். கையில் மடித்து மடித்துக் கசங்கிய கடைக் காகிதம் ஒன்று. அதில் ஒரு மோட்டார் சைக்கிளின் படம்.

"டீச்சர், நீங்க ஒரு வார்த்தை சொன்னா அம்மா கேட்பாங்க. லோனுக்கு அம்மாதான் ஜாமீன் கையெழுத்துப் போடணும்" என்றான்.

அவன் தாயாரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறவர். பையன் மூன்றாம் ஆண்டில் படித்தபோது அவன் தகப்பனார் பந்திங் சாலையில் மோட்டாரில் போய் லோரியில் அடிபட்டு இறந்தார். அந்தச் செய்தியை வகுப்பறை வாசலில் வந்து என்னிடம் சொன்னவர் அப்போதைய தோட்டத்துக் கிராணி. பையனை அழைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தவள் நான். இந்த விஷயத்தில் 'ஆகட்டும், சொல்கிறேன்' என்று சுலபமாகச் சொல்லிவிட முடியுமா?

மறுநாள் அந்த அம்மாளிடம் பேசினேன். "நான் வேணாம்னு சொல்லல டீச்சர். எனக்கு ஒண்ணும் தெரியாது. இது வேகமான வண்டியா? ஏன் பார்க்கப் பழசா இருக்கு? இந்தக் காசுக்குக் கப்சாய் மூணு, நாலு வாங்கலாமாமே? வெவரம் தெரிஞ்ச நாலு பேருகிட்ட கேட்டுச் சொல்லுங்க. அப்புறமா கையெழுத்து" என்றார்.

நான் நாலு பேரைத் தேடிப் புறப்பட்ட கதைதான் இது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இப்படி ஒரு காகிதத்தோடு நிற்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

வண்டியின் பெயர் மீட்டியர் 350. ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் தயாரிப்பு. கடைக்காரர்கள் புதுசு என்கிறார்கள்; 2020 நவம்பரில் இந்தியாவில் வெளிவந்து, அதன் பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. 'குரூசர்' என்று இவ்வகை வண்டிக்குப் பெயர். தாழ்ந்த இருக்கை, உயர்ந்த கைப்பிடி, காலை முன்னால் நீட்டி வைக்கும் அமைப்பு, வட்ட விளக்கு, நீர்த்துளி போன்ற பெட்ரோல் டாங்கி. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஊர் சுற்றுவது போல இருக்கும். மீட்டியர் என்றால் எரிநட்சத்திரம். வெளிவந்தபோது அதிலேயே மூன்று தினுசு: ஃபயர்பால், ஸ்டெல்லார், சூப்பர்நோவா. ஆறாம் ஆண்டு அறிவியல் பாடமே கடையில் வரிசையாக நிற்கிறது என்று எனக்குச் சந்தோஷம். ஆனால் பையனின் பாட்டிக்குச் சந்தோஷமில்லை. எரிநட்சத்திரம் விழுவதைக் கண்டால் பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை அல்லவா! "பேரே சரியில்லையே" என்றார் கிழவி.

மெட்ராஸ் வண்டியா, இங்கிலீஷ் வண்டியா?

முதலில் நான் போனது பிரிக்ஃபீல்ட்ஸ். என் உறவினர் ஒருவர் மூலம் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். மோட்டார் சைக்கிள் பிரியர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடி, தோசையும் தே தாரேக்கும் முடித்துவிட்டு உலு யாம் பக்கம் போவது வழக்கமாம். கடைக்கு வெளியே வரிசையாக வண்டிகள். நான் என் கப்சாயைக் கடைசியில் நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அதற்காகவே அவர்கள் மேல் எனக்கு மதிப்பு வந்தது.

அவர்களில் மூத்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். எழுபதைத் தாண்டியவர், இப்போது ஓட்டுவதில்லை, பிறர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்து காலைப் பசியாறிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். 1979இல் அவர் மெட்ராஸுக்குப் போனாராம். சித்தப்பா மகன் புல்லட் வைத்திருந்தார். அதில் பின்னால் ஏறித் திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலுக்குப் போனபோது, "இதோ, இந்த வண்டி பொறந்த எடம்" என்று வழியில் தொழிற்சாலையைக் கையால் காட்டினாராம் தம்பி.

"பட்டினத்தார் அடங்கின ஊரு டீச்சர். காதற்ற ஊசியும் வாராதுன்னாரு. அதே ஊருல மோட்டர் செய்யறான்!" என்று பெரியவர் சிரித்தார்.

வாசகர்களுக்கு இந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது சுவையானது. ராயல் என்ஃபீல்டு பிறப்பால் இங்கிலீஷ் கம்பெனி. இங்கிலாந்தில் ரெடிச் என்ற ஊரில் சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள் 1901இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகம் செய்து கொடுத்த சம்பந்தத்தால் வந்த பெயர் என்ஃபீல்டு. 'புல்லட்' என்ற பெயர் 1930களில் வந்தது. சுதந்திர இந்தியாவின் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது, புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955இல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாயிற்று. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, திருவொற்றியூரில் பூட்டினார்கள். பின்னர் 1960களின் தொடக்கத்தில் எல்லாப் பாகங்களையும் அங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஜப்பான்காரன் வண்டிகள் வந்து இங்கிலீஷ்காரன் தொழிலை விழுங்கின. ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடப்பட்டது. சில ஆண்டுகளில் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு இல்லாமலே போயிற்று. திருவொற்றியூரில் மட்டும் பழைய அச்சிலேயே புல்லட்டை வார்த்துக்கொண்டிருந்தார்கள். 1977இல் அந்த மெட்ராஸ் வண்டி கப்பலேறி இங்கிலாந்துக்கே விற்பனைக்குப் போனது. தாய்வீடு அழிந்தது, புகுந்த வீட்டிலிருந்து சீர்வரிசை போனது போல.

இதனால்தான் 'ஏன் பார்க்கப் பழசா இருக்கு' என்ற அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதாயிற்று. மற்றக் கம்பெனிகள் பழைய படத்தைப் பார்த்துப் பழைய தோற்றத்தை வரைகின்றன. இவர்களோ பல காலம் மாற்றவே இல்லை. மாற்றாததே ஒரு கட்டத்தில் அவர்களைக் கவிழ்க்கப் பார்த்தது. 1990களில் ஐஷர் குழுமத்தின் கைக்குப் போயிற்று கம்பெனி. 2000ஆம் ஆண்டு வாக்கில் மாதத்துக்கு ஏறத்தாழ 2,000 வண்டிதான் விற்றது. இழுத்து மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. சித்தார்த்த லால் என்ற இருபத்தாறு வயது இளைஞர் பொறுப்பை ஏற்று நடத்தினார். (என் மாணவனுக்கும் அதே வயது. அவனிடம் சொன்னேன், "அவருக்கு ஜாமீன் தேவைப்பட்டிருக்காது டீச்சர்" என்றான்.) பழைய இரும்பு எஞ்சினுக்குப் பதில் புதிய எஞ்சின், 2009இல் இந்தியாவில் கிளாசிக், 2013இல் ஒரகடத்தில் தொழிற்சாலை, 2017இல் வல்லம் வடகாலில் இன்னொன்று என்று கம்பெனி நிமிர்ந்தது. இரண்டும் சென்னைக்கு அடுத்தே உள்ளவை. மீட்டியரை இங்கிலாந்தில் உள்ள தங்கள் தொழில்நுட்ப மையத்தையும் சென்னை மையத்தையும் சேர்த்து வடிவமைத்தார்கள். மெட்ராஸ் வண்டியா, இங்கிலீஷ் வண்டியா என்றால் இரண்டும்தான்.

"நம்ம தமிழன் கை பட்ட வண்டி" என்று கூட்டத்தில் ஒரு தம்பி நெஞ்சில் தட்டிக்கொண்டார். புல்லட், கிளாசிக் வண்டிகளின் டாங்கியில் உள்ள பொன்னிறக் கோட்டை இன்றும் சென்னையில் ஆட்கள் கையாலேயே இழுக்கிறார்கள் என்பது உண்மை. கோலம் போடும் கை. எனக்கும் பெருமைதான். ஆனால் பெருமைக்காக ஒரு விதவைத் தாய் ஜாமீன் கையெழுத்துப் போட முடியாதல்லவா? மேலே விசாரித்தேன்.

உலு யாம் கூட்டத்தார் சொன்னது

ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிள்காரர்கள் கோயில் கமிட்டிக்காரர்களைப் போல.

பள்ளிப் பேருந்து நடத்தும் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், கிளாசிக் 350 வைத்திருக்கிறார். மீட்டியரை நண்பரிடம் வாங்கி ஈப்போ வரை ஓட்டிப் பார்த்தாராம். "தாலாட்டு மாதிரி போகுது. ஆனா காலை முன்னால நீட்டி உட்கார்ந்தா உடம்புக் கனம் பூரா முதுகெலும்பின் அடியில எறங்குது. ரோட்டுல ஒரு பள்ளம் வந்தா காலை ஊனி எழும்பிக்க முடியாது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல எனக்கு ஆகல. கிளாசிக்ல காலு நேர கீழ இருக்கும்" என்றார். இதை மற்றொருவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு நீட்டி உட்காருவதே சுகம் என்று வாதாடினார். உடம்புக்கு உடம்பு வேறு. உட்கார்ந்து பார்க்காமல் வாங்கக்கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று சேர்ந்தார்கள்.

கறுப்புச் சட்டை போட்ட இளைஞர் ஒருவர் இந்த வண்டியையே ஏற்றுக்கொள்ளவில்லை. குரூசர் என்றால் இரட்டைச் சிலிண்டராவது வேண்டுமாம். "20 குதிரை சக்தி, 191 கிலோ. கெந்திங் செம்பா ஏத்தத்துல பின்னால ஆளையும் ஏத்திக்கிட்டுப் போய்ப் பாருங்க. மூச்சு வாங்கும்." ராயல் என்ஃபீல்டே 2022இல் மிலான் கண்காட்சியில் காட்டிய சூப்பர் மீட்டியர் 650தான் உண்மையான குரூசர் என்பது அவர் கட்சி. இரட்டைச் சிலிண்டர், 47 குதிரை சக்தி. ஹோண்டா ரெபெல் 500 வாங்கினால் இன்னும் லேசு என்றார் பக்கத்திலிருந்தவர். கனத்தைப் பற்றிக் குறை சொன்னவரே 241 கிலோ வண்டியைச் சிபாரிசு செய்தது எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். "அது வேற கனம் டீச்சர்" என்றார்.

ரயில்வேப் பெரியவரின் மனக்குறை வேறு. கிக்கர் இல்லையாம். பழைய புல்லட்டை ஸ்டார்ட் செய்வது ஒரு வித்தை. மெதுவாக மிதித்து ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டு வந்து, ஒரு சிறிய பிடியை அழுத்தி எஞ்சினுக்குள் அடைபட்ட காற்றை விட்டு, பிறகு ஒரே உதை. தப்பாக உதைத்தால் அது திருப்பி உதைக்கும், கணுக்கால் வீங்கிப்போகும். "இப்ப பட்டனைத் தட்டினா ஓடுது. இதுக்கு வண்டி என்னத்துக்கு, வாஷிங் மிஷின் வாங்கிக்கலாம்" என்றார். அந்தப் பழைய வண்டிகள் எண்ணெய் ஒழுகியதையும், கியர் வலது காலில் இருந்ததையும் கேட்டபோது, "அதெல்லாம் குடும்பத்துல இருக்கறதுதான்" என்று தள்ளிவிட்டார்.

நான் அதிகம் குறித்துக்கொண்டது ஒரு பெண் சொன்னதைத்தான். மருத்துவமனையில் தாதி, முப்பது வயது, உயரம் என் தோளுக்குத்தான் வருவார். அந்தக் கூட்டத்தில் சொந்தமாக மீட்டியர் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். "இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர், அக்கா. ரெண்டு காலும் தரையில படுது. கிளாசிக் 805. அதுல நான் நுனிக்கால்ல நிக்கணும். சிக்னல்ல நின்னு காலு எட்டலேன்னா 191 கிலோ சாயும்போது என்னால பிடிக்க முடியாது. நான் பார்த்தது அது ஒண்ணுதான்" என்றார். முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், இரண்டிலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருப்பதால் மழையில் பயம் குறைந்திருக்கிறதாம். டியூப் இல்லாத டயர். ஆணி குத்தினாலும் காற்று சட்டென்று இறங்காமல் மெதுவாக இறங்கும். இரவு வேலை முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. வேகமானிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத் திரை. கைப்பேசியோடு சேர்ந்து வழி காட்டுகிறது. அதை அவர் பார்ப்பதே இல்லையாம். "குனிஞ்சு பார்த்தா முன்னால இருக்கற லோரியைப் பார்க்க முடியாது."

பின்னால் அமர்பவருக்கு முதுகுச் சாய்மானம் உள்ள தினுசை வாங்கியிருக்கிறார். அம்மாவைப் பத்துமலைக்கு அதில் ஏற்றிக்கொண்டு போனாராம்.

கிள்ளான் மெக்கானிக்கின் பாடம்

அடுத்த சனிக்கிழமை கிள்ளானில் மேரு சாலைப் பக்கம் உள்ள ஒரு பட்டறைக்குப் போனேன். என் கப்சாய்க்கு வைத்தியம் பார்க்கிறவர் அந்த அண்ணன்தான். எந்த வண்டியையும் புகழ மாட்டார். அதனால் அவர் வார்த்தைக்கு விலை உண்டு.

எஞ்சினை எனக்குப் புரியும்படி சொன்னார். 349 சிசி, ஒரே சிலிண்டர். சிலிண்டரின் அகலம் 72 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 85.8 மில்லிமீட்டர். அகலத்தைவிட ஓட்டம் நீளம். இப்படிப்பட்ட எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றாது. மெல்லச் சுற்றும்போதே நன்றாக இழுக்கும். நிமிடத்துக்கு 4,000 சுற்றிலேயே அதன் முழு இழுவை, 27 நியூட்டன் மீட்டர், கிடைத்துவிடுகிறது. நம் 110 சிசி கப்சாயைவிட ஏறக்குறைய மூன்று பங்கு இழுவை. அந்த 'டுக்... டுக்...' சத்தத்துக்கும் காரணம் அதுவே: பெரிய ஒற்றைச் சிலிண்டர், மெதுவான சுற்று, ஒவ்வொரு வெடிப்பும் காதுக்குத் தனித்தனியாகக் கேட்கிறது. பழைய புல்லட்டில் கைப்பிடி நடுங்கி விரல் மரத்துப்போகும். இதில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடுக்கத்தைச் சமன்செய்யும் தண்டு ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள்.

"அப்ப வேகம்?" என்றேன்.

"நூத்திப் பத்து, கொஞ்சம் மேல. அவ்வளவுதான்."

நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிப்பதும் 110தான்! அந்த அம்மாளின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும் என்று மகிழ்ந்தேன். அண்ணன் என் மகிழ்ச்சியை உடனே கெடுத்தார். "நூத்திப் பத்துல விழுந்தாலும் ஆள் சாவான் டீச்சர். அறுபதுல விழுந்தாலும் சாவான். கப்சாய்காரன் என்ன வேகத்துல சாவுறான்?"

அவர் சொன்னது பொய்யல்ல. நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 1973இலேயே ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி, 1970களிலேயே கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்ட நாடு இது. அப்படியும் இந்த நிலைமை. அந்தத் தனிப்பாதையிலும் மீட்டியர் நிதானமாகத்தான் போக வேண்டும் என்றார் அண்ணன். ஒடுங்கிய பாதை, வளைவுகள், மழை நீர் தேங்கும் சுரங்கவழி. கப்சாய் போல் நெளிந்து ஓட்டினால் கனமான வண்டி கேட்காது. கப்சாயின் கனம் நூறு கிலோவுக்குள். இது ஏறத்தாழ இரட்டிப்பு. நிறுத்தவும் திருப்பவும் முன்கூட்டியே நினைக்க வேண்டும்.

அவருடைய இன்னொரு எச்சரிக்கை உதிரிப்பாகம் பற்றியது. கப்சாய்க்கு எந்தக் கம்பத்துக் கடையிலும் சாமான் கிடைக்கும். குறைவாக விற்கும் எந்த வண்டியானாலும், அது எந்த நாட்டுச் சரக்கானாலும், சில சாமான்களுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். "அதனால கப்சாயை விக்க வேணாம்னு சொல்லுங்க. இதை நாயித்துக்கெழமை வண்டியா வச்சுக்கட்டும்."

இதே ஆலோசனையைப் பட்டறை வாசலில் டயர் மாற்றக் காத்திருந்த ஒரு தம்பி வேறு விதமாகச் சொன்னார். சாப்பாடு கொண்டு போய்க் கொடுக்கும் வேலை அவருக்கு. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறார். "எனக்கு மோட்டர் சோறு போடுது. அந்த மோட்டருக்கு நான் சோறு போடணும்." கப்சாய் என்ற சொல்லே ஹோண்டா 'கப்' என்பதோடு 'சின்னது' என்னும் கண்டனீஸ் சொல் ஒட்டிக்கொண்டு வந்தது, எந்தக் கவர்ச்சியும் இல்லாத அந்தச் சின்ன வண்டிதான் தோட்டத்திலிருந்து நம் ஜனங்களைப் பட்டணத்து வேலைக்குக் கொண்டு வந்து சேர்த்தது. பால்மரம் வெட்டிய கையோடு மீன் வாங்கி வந்ததும், பிள்ளையைத் தேர்வு மண்டபத்துக்குக் கொண்டு போனதும் அதுதான். அதன் மேல் எனக்கு நன்றி உண்டு. ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தத் தம்பி பேசிக்கொண்டே இருந்தபோது தெருவில் ஒரு மீட்டியர் மெல்லப் போயிற்று. பேச்சை நிறுத்திவிட்டு அது திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துக்கு முன்னால்

இனி உபயோகமான சில விஷயங்கள். தாய்மார்கள் கவனிக்கவும்.

பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பது பி2 லைசென்ஸ். அது 250 சிசி வரைக்கும்தான் செல்லும். 350க்கு அது போதாது. பலரும் 'பி ஃபுல்' என்பதையே எடுக்கிறார்கள். அதற்குத் தனியாகப் பயிற்சி, தனியாகத் தேர்வு, தனியாகப் பணம். அந்த லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதிக் கம்பெனி கை விரித்துவிடலாம். என் மாணவனைக் கேட்டேன். "எடுத்துடுவேன் டீச்சர்" என்றான். வண்டிக்கு முன்பணம் சேர்த்தவன் லைசென்ஸுக்குச் சேர்க்கவில்லை! ஏழாம் வாய்ப்பாட்டுக்காரன் மாறவே இல்லை. 150 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு 2022 முதல் சாலை வரி இல்லை. இதற்கு உண்டு என்பதையும் அவன் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்தது வட்டி. கரும்பலகை இல்லாத குறைக்குச் சிற்றுண்டிச்சாலை மேசையில் காகிதத்தை விரித்து அந்த அம்மாளுக்கும் பையனுக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன். உதாரணத்துக்கு 20,000 வெள்ளி கடன், ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய தொகை முழுவதற்கும் ஐந்து ஆண்டும் வட்டி போடும் முறையானால் வட்டி 5,000 வெள்ளி. மாதத் தவணை ஏறக்குறைய 417 வெள்ளி. கட்டக் கட்டக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி என்றால் தவணை 377 வெள்ளி; மொத்த வட்டி 2,650 வெள்ளிக்குள் அடங்கும். விழுக்காடு ஒன்றுதான், கணக்குப் போடும் முறை வேறு. கடையில் 'வட்டி எவ்வளவு' என்று கேட்கிறோம். 'எப்படிக் கணக்கிடுகிறீர்கள்' என்று கேட்பதில்லை.

ஜாமீன் என்பதன் பொருளையும் விளக்கினேன். பையன் கட்டத் தவறினால் கட்ட வேண்டியவர் தாயார். வண்டி போய்விட்டாலும் கடன் போகாது. அந்த அம்மாள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ஒனக்கு எதுக்குடா இது?"

சத்தம் என்பான், தோற்றம் என்பான், நண்பர்கள் என்பான் என்று நான் எதிர்பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பன்னெண்டு மணி நேரம் கெடங்குக்குள்ளயே சுத்தறேன்மா. அந்தச் செவுரு, அந்தப் பெட்டி. நாயித்துக்கெழமை எங்கயாச்சும் மெதுவாப் போகணும். ஒங்களையும் கூட்டிக்கிட்டு" என்றான்.

என் அபிப்பிராயம் என்ன என்று கேட்பீர்கள். பட்டறை அண்ணன் ஒருநாள் யாருடையதோ மீட்டியரில் என்னை உட்கார வைத்தார். முன்னும் பின்னும் மிதிக்கும் கியர், நம் கப்சாயில் இருப்பது போலவே. ஆனால் கிளட்ச் பிடிக்க வேண்டும். நான் இரண்டு முறை எஞ்சினை அணைத்துவிட்டேன். பட்டறைத் திடலில் ஒரு சுற்று போனேன். அவசரப்படுகிறவர்களுக்கு அது ஏற்ற வண்டியல்ல. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பறப்பவன் அதை வாங்கினால் அவனுக்கும் கஷ்டம், எதிரே வருபவருக்கும் கஷ்டம். மெதுவாகப் போக வேண்டும் என்று தானாகவே சொல்கிற பிள்ளைக்கு அது பொருந்தலாம். முதலில் லைசென்ஸ், பிறகு முன்பணத்தில் இன்னும் ஒரு பங்கு சேர்ப்பது, கப்சாயை விற்காமல் வைப்பது, கைக்குச் செருகும் கையுறையும் நல்ல ஹெல்மெட்டும் வண்டி விலையோடு சேர்த்துக் கணக்கிடுவது. எக்ஸாஸ்ட் குழாயை மாற்றி ஊரை எழுப்புவதில்லை என்று அம்மா முன்னால் வாக்குக் கொடுப்பது. இவ்வளவுக்கும் அவன் சரி என்றான். எட்டு மாதம் ஆகும்.

எட்டு மாதம் ஒன்பதாயிற்று. லைசென்ஸ் தேர்வில் ஒரு முறை தவறினான். குறுகலான பலகையின் மேல் கனத்த வண்டியை மெதுவாக ஓட்டுவது லேசல்லவாம். இரண்டாம் முறை தேறினான்.

போன மாதம் கிள்ளானில் கடைக்கு நாங்கள் மூவரும் போனோம். கடைக்காரர் வண்டியை நடுவில் கொண்டு வந்து நிறுத்தினார். பையன் வெளிர்நீலம் என்றான், கடைக்காரர் சிவப்பு என்றார். அம்மாள் யாரையும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின் இருக்கையில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தார். சாய்மானத்தில் முதுகை வைத்தார். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள இடம் தேடினார். ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் யாரும் பேசவில்லை.

பிறகு கடைக்காரரைப் பார்த்து, "தம்பி, இதுல பாசார் கூடை எங்க மாட்டறது?" என்று கேட்டார்.